நோயாளியும் ஓர் அங்கத்தினரே

கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபை கூடும் நாளில், ஒரே ஒரு பங்கு வைத்திருக்கும் அங்கத்தினரும் எழுந்து நின்று, "இந்தச் செலவு எதற்காக?" என்று கேட்கலாம். கேட்டால் விடை கூறவேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உண்டு. அவ்விடை நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறவும் வேண்டும். இஃது எவரும் இரங்கி அளித்த சலுகையன்று. சட்டமும் துணைவிதியும் அளித்த உரிமை. 1904 ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்து, அதே ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, நம் இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்துவருவது இவ்வுரிமையே.

அதே அங்கத்தினர் மறுநாள் காலையில் முதுகுவலிக்கு மருந்து நாடி மருத்துவமனைக்குச் செல்கிறார். கையில் சீட்டுடன் வரிசையில் நிற்கிறார். மருத்துவர் எப்பொழுது வருவார், பரிசோதனை முடிவு என்றைக்குக் கிடைக்கும், கேட்ட மருந்து ஏன் இருப்பில் இல்லை என்று வினவ அவருக்கு நா எழுவதில்லை. நேற்று உரிமையாளராக நின்றவர் இன்று இரவலராக நிற்கிறார். சங்கமும் நம்முடையது, அரசாங்க மருத்துவமனையும் நம் வரிப்பணத்தால் நடப்பதே. ஒன்றில் குரலும் மற்றொன்றில் மௌனமும் இருப்பானேன்? இதுபற்றி நம் சங்கத்தார் அனைவரோடும் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

ஆரணி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருபவை பட்டும் அரிசியும். அவ்விரண்டையும் ஆக்கித் தருபவர்களின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை அவர்கள் அறியார். குழித்தறியில் அமர்ந்து, நாள் முழுதும் மிதிகட்டையை மிதித்து, குனிந்த முதுகோடு நெய்பவருக்கு இடுப்பும் முழங்காலும் நோவது இயல்பு. மெல்லிய பட்டிழையையும் சரிகையையும் உற்று நோக்கிய கண்கள் விரைவில் தளர்கின்றன. கொதிக்கும் சாயத்தொட்டியில் கை வைப்பவருக்குத் தோல்நோய் வருகிறது. தார் சுற்றும் பெண்மணிக்கு மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. கழனிப் பக்கம் சென்றால், நடவுக்கும் களைக்கும் குனிந்த பெண்டிரின் இடுப்பும், பூச்சிமருந்து தெளித்தவரின் கண்ணும் மூச்சும் இதே கதையைச் சொல்லும். இவை பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துத் தீர்த்துக்கொள்ளும் நோய்கள் அல்ல. சிறிது சிறிதாக உழைப்பையும் கூலியையும் அரிக்கும் நோய்கள்.

இந்த வேறுபாட்டை அறிந்த திட்டம் ஒன்று முன்பு இருந்தது. 2005-06 ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் கைத்தறி நெசவாளர்களுக்கென மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. நெசவாளர், அவருடைய துணைவர், இரு குழந்தைகள் அடங்கிய குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 15,000 வரை அதில் இடமிருந்தது. அத்தொகையில் ரூ. 7,500 வரை, மருத்துவமனையில் தங்காமல் வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சைக்கே செலவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அத்திட்டம் இன்று இல்லை. 2012 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கிறது. இதயநோயாலும் புற்றுநோயாலும் தறியை விற்கும் நிலைக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் நோக்கம் முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையே. நெசவாளியின் அன்றாட இடுப்புவலிக்கும் கண்ணாடிக்கும் அது ஏற்பட்டதன்று.

இங்கு நாம் எத்திட்டத்தையும் குறைகூற முற்படவில்லை. நம் கேள்வி வேறு. முதல் திட்டம் வந்தபொழுதும் போனபொழுதும் நெசவாளர்களை யார் கேட்டார்கள்? கேட்கவில்லை என்றால், கேட்குமாறு நாமாவது சொன்னோமா? ஆய்வுக்குச் சென்ற இடங்களில் பழைய நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததுண்டு. பட்டுநூல் விலை பற்றித் தீர்மானம் உண்டு. தள்ளுபடி மானியம் பற்றி உண்டு. தேங்கிய சேலைகள் பற்றியும் உண்டு. அங்கத்தினரின் உடல்நலம் பற்றி ஒரு வரியையும் நாம் கண்டிலோம். நூல் அறுந்தால் ஒட்டத் தெரிந்த நாம், நெய்பவர் அறுந்துபோவதைப் பற்றி எழுதிவைக்கவும் மறந்தோம்.

மக்கள் தம் மருத்துவ வசதியைப் பற்றித் தாமே பேசவேண்டும் என்பது புதிய கருத்தன்று. சுதந்தரத்துக்கு முன்னரே, 1946 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்த போர் குழுவினர், கிராமந்தோறும் மக்களைக் கொண்ட சுகாதாரக் குழுக்கள் அமையவேண்டும் என்று பரிந்துரைத்தனர். நம் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். 1978 ஆம் ஆண்டில் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடிச் செய்த பிரகடனமும், தம் மருத்துவ வசதியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குபெறுதல் மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று கூறிற்று. 2005 ஆம் ஆண்டில் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டபொழுது, கிராமந்தோறும் சுகாதாரக் குழு அமைத்து, ஆண்டொன்றுக்கு ரூ. 10,000 வரை அக்குழுவே தன் விருப்பப்படி செலவிட வழி செய்யப்பட்டது. ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நோயாளர் நலச் சங்கங்கள் ஏற்பட்டன. ஆக, கதவு இருக்கிறது. அதன் வழியே நாம் உள்ளே செல்கிறோமா என்பதுதான் கேள்வி.

கதவைத் திறந்து பார்த்த அனுபவமும் நமக்கு அண்மையிலேயே உண்டு. அந்த ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ், மக்களே மருத்துவ சேவையைக் கண்காணிக்கும் முயற்சி 2007 ஆம் ஆண்டு முதல் ஒன்பது மாநிலங்களில் சோதனையாக மேற்கொள்ளப்பட்டது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று; நம் அண்டை மாவட்டமான வேலூரிலும் அது நடைபெற்றது. முறை மிக எளிது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இன்னின்ன சேவை கிடைக்கவேண்டும் என்பதை முதலில் ஊர்க்குழுவினர் தெரிந்துகொள்வர். பின்னர் வீடு வீடாகச் சென்று, உண்மையில் என்ன கிடைத்தது என்று கேட்டறிவர். கண்டதை ஓர் அட்டையில் நிறத்தால் குறிப்பர்: நன்று என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், குறை என்றால் சிவப்பு. எழுதப் படிக்க அறியாதவருக்கும் அது விளங்கும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு மருத்துவரோடும் செவிலியரோடும் அமர்ந்து பேசுவர். தீராத குறைகள் பொதுமன்றத்துக்கு வரும்.

இம்முறையின் அழகு யாதெனில், அது புகார்ப் பெட்டியன்று. புகார்ப் பெட்டியில் கோபம் விழுகிறது. அட்டையில் கணக்கு விழுகிறது. பத்து வீடுகளில் ஏழு வீட்டார்க்கு ஒரு சேவை கிட்டவில்லை என்று எழுதிக் காட்டும்பொழுது, அது எவர்மீதும் சுமத்தும் பழியாக இராமல், எல்லாரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய கணக்காகிவிடுகிறது. ஆயினும் சில ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டில் அம்முயற்சி தொடராமல் நின்றுபோயிற்று. வெளியிலிருந்து வரும் நிதியை நம்பி எழும் குரல், நிதி நின்றதும் அடங்கிவிடும் என்ற பாடத்தை நாம் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தக் கால் இருக்கிறது. பங்குத்தொகை உண்டு, கட்டடம் உண்டு, மாதந்தோறும் கூடும் குழு உண்டு, எழுதிவைக்கப் புத்தகமும் உண்டு.

பிற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் பயனுடையது. பிரேசில் நாட்டில் 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியிலும் சுகாதார மன்றம் உண்டு. அம்மன்றத்தில் சரிபாதி இடம் சேவையைப் பெறும் மக்களுக்கே. மற்றப் பாதியை மருத்துவ ஊழியர்களும் நிர்வாகத்தாரும் பகிர்ந்துகொள்வர். தாய்லாந்தில் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சுகாதாரப் பேரவை கூடி, பொதுமக்கள், வல்லுநர், அரசாங்கம் ஆகிய முத்திறத்தாரும் ஒருங்கே அமர்ந்து ஆராய்கின்றனர். ஜப்பானில் மருத்துவக் கூட்டுறவுச் சங்கங்களே மருத்துவமனைகளை நடத்துகின்றன. அங்கத்தினர்கள் அக்கம்பக்கத்தாரோடு 'ஹான்' எனப்படும் சிறு குழுக்களாகக் கூடி, தம் இரத்த அழுத்தத்தைத் தாமே அளந்து, தம் உணவில் உள்ள உப்பைப் பற்றித் தாமே பேசிக்கொள்கிறார்கள். அங்கே நோயாளி என்பவர் சங்கத்தின் உரிமையாளர்.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கென 'யசஸ்வினி' என்னும் திட்டம் 2003 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. விவசாயிகள் சிறு சந்தா செலுத்திப் பெரிய அறுவைச் சிகிச்சைகளைப் பெற்றனர். 2018 ஆம் ஆண்டில் அது வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டது; 2022 ஆம் ஆண்டில் மீண்டும் தனியே உயிர்பெற்றது. கூட்டுறவாளர்கள் சேர்ந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும், சந்தா செலுத்துவது மட்டும் குரலாகிவிடாது என்பதற்கும் இதுவே சான்று.

"மருத்துவம் கற்றறிந்தோர் துறையாயிற்றே! அதில் நெசவாளியும் உழவனும் என்ன சொல்ல இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை மருத்துவர்தாம் தீர்மானிக்கவேண்டும். அதில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆனால் எந்த நேரத்தில் வந்தால் கூலி போகாது, எந்தப் பேருந்துக்குப் பின் மருந்தகம் மூடுகிறது, எந்தப் படியில் முதியவர் ஏற முடியவில்லை என்பவற்றை அறிந்தவர் நோயாளிதாம். பாவு எங்கே அறுகிறது என்பதைத் தறியில் அமர்ந்தவர் சொல்லாமல், நூல் கொடுத்தவர் எவ்வாறு அறிவார்?

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு சங்கத்துக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்த காலையில், ஐம்பது வயதைத் தாண்டிய அங்கத்தினர் ஒருவர் கூலிப் பட்டுவாடாவுக்கு வந்திருந்தார். நேராக நிற்க இயலாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசாரித்தோம். பத்து நாள் தொடர்ந்து வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை பெறுமாறு மருத்துவர் கூறினாராம். இரண்டு நாள் சென்றாராம். போகவும் வரவும் காத்திருக்கவும் அரைநாள் கழிந்ததாம். ஒப்புக்கொண்ட முகூர்த்தச் சேலை தறியில் நின்றதால் மூன்றாம் நாள் போகவில்லையாம். "அந்த வைத்தியம் நமக்கெல்லாம் சரிப்படாதுங்க ஐயா" என்றார். மருத்துவரோ, "சொன்னபடி வரவில்லை" என்று எண்ணியிருப்பார். இருவர்மீதும் குற்றமில்லை. இருவரும் பேசிக்கொள்ள ஓர் இடமில்லை என்பதே குறை.

இதே செய்தி ஒரு தெருவிலிருந்து பத்துப் பேர் வாயிலாக எழுத்தில் வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வாரத்தில் இரண்டு மாலைகள் சிகிச்சையாளர் ஒருவர் சங்கக் கட்டடத்துக்கே வரக்கூடாதா என்று கேட்டிருக்கலாம். இடம் சங்கம் தரும். பாய் சங்கம் தரும். இது நடவாத கனவன்று. 2021 ஆகஸ்டு 5 ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடி வருவதோடு, உடற்பயிற்சிச் சிகிச்சையும் சேர்ந்தே உள்ளது. அரசாங்கம் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. வாசலில் நின்று, எந்நேரம் வந்தால் நலம் என்று சொல்லவேண்டியது நம் பொறுப்பு.

மக்கள் பேசத் தொடங்கினால் செவிலியருக்கும் மருத்துவருக்கும் தொல்லைதான் மிஞ்சும் என்று அஞ்சுவோரும் உளர். அனுபவம் அற்ற அச்சம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. கூட்டத்தில் குரலை உயர்த்துவதே வீரம் என எண்ணுவோர் எங்கும் உண்டு. அதற்கு மருந்து நம் இயக்கத்திலேயே இருக்கிறது: பொருள் நிரல், முறைப்படி பேச்சு, எழுதப்பட்ட தீர்மானம். மேலும், குறைக்குக் காரணம் பலவேளை ஆளின்மையே. ஒருவர் செய்யவேண்டிய வேலையோடு மற்றொருவர் வேலையையும் சுமக்கும் செவிலியருக்கு, "இங்கே இன்னோர் ஆள் வேண்டும்" என்று ஊர் எழுதித் தரும் தீர்மானத்தைவிடச் சிறந்த துணை யாது?

இனி நம் வீட்டுக் குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிறரிடம் கணக்குக் கேட்க எழுபவர் தம் கணக்கை நேர்செய்துகொள்ளல் முறை. எத்தனை சங்கங்களில் மகாசபை உண்மையாகவே கூடுகிறது? வருகைப் பதிவேடு வீடு வீடாகச் சென்று கையெழுத்துப் பெற்று வருவதை நாம் அறியோம் அல்லோம். 'வாசிக்கப்பட்டு ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதிய வரிகள் எத்தனையோ. அவற்றுள் உண்மையில் வாசிக்கப்பட்டவை எத்தனை? தம் சங்கத்தில் பேசிப் பழகாதவர் மருத்துவமனைக் குழுவில் பேசிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நீந்தப் பழகாதவரை ஆற்றில் இறக்குவது போன்றது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2019-20 ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நெசவுத் தொழிலாளர்களும் துணைத் தொழிலாளர்களுமாக 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். நம் பகுதிச் சங்கங்களிலோ அங்கத்தினர் பதிவேட்டில் பல குடும்பங்களுக்குக் கணவர் பெயர்தான் இருக்கிறது. தார் சுற்றுபவரும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் அமர்பவரும் மனைவியோ மகளோ ஆயினும், மகாசபைக்கு வருபவர் அவரல்லர். மருத்துவமனைக்குக் குழந்தையையும் மாமியாரையும் அழைத்துச் செல்பவர் அந்தப் பெண்மணிதான். வரிசையின் நீளம் தெரிந்தவரும் அவரே. அவரை வெளியே நிறுத்திவிட்டு, மக்களின் குரல் என்று நாம் எதைக் கொண்டுபோவோம்?

ஆகவே நாம் கூற விழைவன நான்கு. முதலாவது, நெசவாளர் சங்கமாயினும் வேளாண்மைச் சங்கமாயினும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகக் குழுவின் பொருள் நிரலில் அங்கத்தினர் நலம் என்று ஓர் இனம் இருத்தல் வேண்டும். இரண்டாவது, நூல் வழங்கும் இடத்திலோ உரம் வழங்கும் இடத்திலோ ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். எந்த நாள், எந்த இடத்துக்குச் சென்றோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பன மட்டும் அதில் இருந்தால் போதும். நோயின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். அவை அவரவர் சொந்தச் செய்தி. முதியோர் ஓய்வூதியம் போன்ற உதவிகளில் நேரும் தாமதத்தையும் அதிலேயே குறிக்கலாம். மூன்றாவது, இதற்கெனச் சங்கம் இருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அவருள் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். அவர் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அங்கத்தினர் குடும்பத்தவர் என்பதே போதும்.

நான்காவது, குறிப்பேட்டில் சேர்ந்ததைத் தீர்மானமாக்கி உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஆரணி போன்ற நகராட்சிக்கும் அவ்வழி உண்டு. நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் சுகாதாரப் பேரவை கூட்டும் ஏற்பாடும் வந்தது. எங்கே வைத்தாலும் எழுத்தில் விடை கேட்போம். அவ்விடை வந்தாலும் வராவிட்டாலும் அதை மகாசபையில் வாசிப்போம். வராத விடையும் ஒரு செய்தியே.

இவை சங்கத்தின் வேலையா என்று எவரேனும் தயங்கினால், 1995 ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஏழாவதை நினைவூட்டுவோம். அது சமூக நலனில் அக்கறை. நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் தனித்தனியே கணக்கு வைத்திருக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்து ஒன்றே. நிற்கும் வரிசையும் ஒன்றே. அவ்வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டாலே பாதிக் காரியம் முடிந்தது.

இதற்குப் பெருநிதி வேண்டாம். புதுச் சட்டமும் வேண்டாம். ஒரு குறிப்பேடும் இரு பிரதிநிதிகளும் ஒரு தீர்மானமும் போதும். அடுத்த மகாசபைக்கு அறிவிப்பு வரும்பொழுது பொருள் நிரலைப் பாருங்கள். வரவு செலவு இருக்கும். இலாபப் பங்கீடு இருக்கும். அங்கத்தினர் நலம் என்ற இனம் இல்லையாயின், அதைச் சேர்க்குமாறு எழுதிக் கொடுங்கள். கையெழுத்திடும்பொழுது, தார் சுற்றிக்கொண்டிருக்கும் இல்லத்தரசியையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.